வரப்பிரசாதம்

புதுக்கடை நீதிமன்றத்தில் எனக்கென்று
ஒரு நாற்காலி உண்டு.
எனக்கென்று ஒரு 'நான்' இல்லை.
ஒன்பதரைக்கு ஒரு நகைக்கடைக்காரருக்காக
'நான் ஏமாந்துபோனேன்' என்கிறேன்.
பத்தேகாலுக்கு ஒரு பொடியனுக்காக
'நான் அந்த இடத்திலேயே இல்லை' என்கிறேன்.
பதினெட்டு வருடமாய் இரண்டு மொழியில்
அடுத்தவர் மெய்யையும் பொய்யையும் சொல்லி
ஒருநாளும் கூண்டில் ஏறியதில்லை.

அன்று கூப்பிட்ட வழக்கு
மூன்றாம் குறுக்குத்தெருவில் நடந்தது.
குருசுமுத்து தள்ளிப்போன வெங்காய வண்டி
கௌரவ உறுப்பினரின் ஜீப்பில் கீறிவிட்டது,
ஒரு விரல் நீளத்துக்கு.
கைத்துப்பாக்கியின் பிடி
அவன் இடது காதில் இறங்கியது.
ஜீப்புக்கு அந்தக் கிழமையே பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

சாட்சி, அவன் மனைவி பாக்கியசீலி.
கொட்டாஞ்சேனை. தோடம்பழம் விற்கிறவள்.
தவணைத் துண்டுகள் ஐந்தையும் மடித்து
செபமாலைப் பைக்குள் வைத்திருந்தாள்.
எதிரிக் கூண்டு காலி.
அது சபை கூடும் வாரம்.
கூடாத வாரங்களில் அவருக்கு நெஞ்சுவலி.

அவள் நேரே சொன்னாள்:
'போன வெள்ளிக்கிழமை அங்க எழும்பி நின்னு
என் புருசன் குடு விக்கிறவன்னு சொன்னாரு.
டீவியில காட்டினாங்க. மார்க்கட்டே பாத்திச்சு.
அத அவர்கிட்ட கேளுங்க.'

சட்டத்தரணி எழுந்தார். கறுப்புக் கோட்டின் முதுகில்
வியர்வை ஒரு தீவு வரைந்திருந்தது.
சபையில் பேசிய பேச்சை
எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது, கனம் நீதவான் அவர்களே.
நீதவான் தலையசைத்தார்.
விளங்கப்படுத்தும்படி என்னைப் பார்த்தார்.

சிங்களத்தில் அந்தச் சொல் வரப்பிரசாத.
நாங்கள் எழுதுவது சிறப்புரிமை.
மின்விசிறி நின்றுபோன பகல் அது.
நாக்கு, கிட்டக் கிடந்ததை எடுத்துவிட்டது:
'அது அவருடைய வரப்பிரசாதம், அம்மா.'

'வரப்பிரசாதமா?' என்றாள்.
'அது ஆண்டவர் குடுக்கிறதில்லையா ஐயா?
இவருக்கு யாரு குடுத்தா?'

திருத்தினேன். சிறப்புரிமை என்றேன்.
சபைக்குள் சொன்னதைப் பற்றி
வெளியே கேட்கக் கூடாது என்றேன்.
அவள் கொஞ்சநேரம்
காலிக் கூண்டின் பித்தளைக் கம்பியைப் பார்த்தாள்.
பிறகு, கோபமில்லாமல்,
பழக்கணக்குக் கூட்டுகிற குரலில்:

'அவர் சொன்னதக் கேக்கக் கூடாது.
நான் சொல்றதக் கேக்க மாட்டீங்க.
எங்க வீட்டுக்காரருக்குக்
கேக்கவே கேக்காது.'

தமிழில்தான் இது முடியும் என்று
ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். பொய்.
சிங்களத்திலும் அந்த வினைச்சொல்
கேள்வியையும் காதையும் சேர்த்தே சுமக்கும்,
அஹனவா, அஹனவா,
ஒரு சுமைகூட இறங்கியிருக்காது.
எனக்கு முழுதாய் வந்துவிட்டது அந்த வசனம்,
உதடுவரை.

'என்ன சொல்கிறார் சாட்சி?'

'விளங்கிவிட்டதாம்' என்றேன்.

தட்டெழுத்தர் தட்டினார். அவ்வளவுதான்.
அடுத்த தவணை, அடுத்த மாதம் பதினாறு.
சபை கூடும் வாரமா என்று
யாரோ நாட்காட்டியைப் புரட்டினார்கள்.
என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பகல் இடைவேளையில் வாசலுக்கு வந்தேன்.
முத்திரை விற்கிறவர்கள், உறுதி எழுதுகிறவர்கள்,
குடைக்குக் கீழே ஒரு போட்டோக்கொப்பி மெஷின்.
கைதிகள் பஸ்ஸின் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை
தாய்க்கு எதையோ சைகை காட்டியது.
பாக்கியசீலி என்னைக் கண்டு கிட்ட வந்தாள்.
'ஐயா, நான் கடைசியாச் சொன்னத எழுதினாங்கதானே?'

'ம்' என்றேன்.
எந்த மொழியிலும் சேராத ஓர் எழுத்து.

படிக்கட்டின் அடியில் குருசுமுத்து நின்றான்,
அவள் வருவதைக் கண்டதும்
வலப்பக்கமாய்த் திரும்பி,
மிச்சமிருக்கும் காதை நீட்டிக்கொண்டு.
அவள் குனிந்து சொன்னாள், வெகுநேரம்.
நான் நின்ற இடத்துக்கு
ஒன்றும் கேட்கவில்லை.